ஆர்மீனியாவில் ஒரு குடும்ப பேக்கரி: ரொட்டியைத் தவிர அங்கே என்ன பார்ப்பது?

கேள்வி இதுதான். துபாயில் இருக்கும் ஒரு குடும்பம் மார்ச் விடுமுறைக்கு ஆர்மீனியா போகிறது. கார்னி பக்கம் ஒரு குடும்பம் நடத்தும் பேக்கரிக்குக் கூட்டிப்போவதாகப் பயண ஏற்பாட்டாளர் சொல்லியிருக்கிறார். 'ரொட்டி சுடுவதைப் பார்க்க அரை நாளா? கூட வரும் மாமியார் முட்டைகூடத் தொடமாட்டார், அவர் எதைச் சாப்பிடுவார்? அங்குள்ளவர்களின் சாப்பாட்டு வழக்கங்களில் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?' என்று கேட்டிருக்கிறார்கள். தலைநகர் யெரெவானில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மாமியாரைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். நீங்கள் போகும் நேரம் பெரும்பாலும் ஆர்மீனியத் திருச்சபையின் பெரிய நோன்புக்குள் விழும். அந்த ஏழு வாரமும் நோன்பிருப்பவர்கள் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதையும் தொடமாட்டார்கள். மாமியாரைவிடக் கறாரான சைவர்களை அங்கே பார்க்கலாம். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

அரை நாள் எதற்கு என்றால், ஆர்மீனியச் சமையலின் மொத்தக் கணக்கும் அந்த அடுப்படியில் இருக்கிறது. அது மலைநாடு. பத்தில் ஒன்பது பங்கு நிலம் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல். பனி பெய்ய ஆரம்பித்தால் பல கிராமங்களுக்கு மாதக்கணக்கில் வெளியுலகத் தொடர்பு சுருங்கிவிடும். காடும் குறைவு, ஆகவே விறகும் குறைவு. இப்படிப்பட்ட இடத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சாப்பாட்டில் இரண்டே கேள்விகள்: பனிக்காலத்தை எப்படிக் கடப்பது, நோன்பை எப்படிக் கடப்பது. அங்கே நீங்கள் சாப்பிடப்போகும் எதை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்றுக்கான பதிலாகத்தான் இருக்கும். லவாஷ் என்ற மெல்லிய தட்டை ரொட்டி இரண்டுக்குமே பதில். பேக்கரியில் நீங்கள் பார்க்கப்போவது அதைத்தான்.

யெரெவானிலிருந்து கார்னி சுமார் முப்பது கிலோமீட்டர். எல்லோரும் போவது கிரேக்கத் தூண்களோடு நிற்கும் பழைய கோயிலையும், அங்கிருந்து சற்றுத் தள்ளிப் பாறையைக் குடைந்து கட்டிய கெகார்ட் மடாலயத்தையும் பார்க்க. அந்தச் சாலையில் வீட்டின் ஒரு பகுதியையே பேக்கரியாக வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. இரண்டு வகை இருக்கிறது. ஒன்று சுற்றுலாப் பேருந்து வந்து நின்றதும் பத்து நிமிடம் சுட்டுக்காட்டிவிட்டு ஓய்ந்துபோவது. இன்னொன்று, நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் விடியற்காலையில் அடுப்பு மூட்டி ஊருக்கு ரொட்டி போடுவது. இரண்டாவது வகைக்குத்தான் போக வேண்டும். ஏற்பாட்டாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பக்கத்து வீட்டுக்காரர்கள் அங்கே ரொட்டி வாங்குகிறார்களா? அவர் மழுப்பினால் வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள். போவது காலையில் இருக்கட்டும். மதியத்துக்கு மேல் தணல் ஆறிவிடும்.

உள்ளே போனதும் அடுப்பைத் தேடுவீர்கள், கண்ணில் படாது. கீழே பாருங்கள். தோனிர் என்பது தரைக்குள் இறக்கிய பெரிய மண் உறை. நமக்குத் தெரிந்த தந்தூரும் இதுவும் ஒரே குடும்பம்தான். வாய் குறுகி, வயிறு அகன்று இருக்கும். அடியில் காற்று போக ஒரு துளை. அந்தக் காலத்தில் திராட்சைக்கொடியின் காய்ந்த கழிகளையும் வறட்டியையும் போட்டு எரித்தார்கள். வறட்டி என்றால் நம் வறட்டியேதான், மாட்டுச் சாணத்தைத் தட்டிக் காயவைத்தது. மலைக் கிராமங்களில் வீட்டுக்கு வெளியே அதைக் கோபுரமாக அடுக்கிவைத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். கார்னி பக்கம் இப்போது விறகு, சில இடங்களில் காஸ். தீ கொழுந்து விட்டு எரியும்போது ரொட்டி போடுவதில்லை. எரிந்து அடங்கித் தணலாகி, மண்சுவர் கரியைத் தின்று வெளுத்த பிறகுதான் வேலை ஆரம்பம்.

வேலை பெண்களுடையது, அதுவும் கூட்டாகச் செய்வது. நான் அடிக்கடி போன வீட்டில் மூன்று பேர் உட்காருவார்கள்: பாட்டி, மருமகள், அடுத்த வீட்டுப் பெண். மாவில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, போன தடவை எடுத்துவைத்த புளித்த மாவில் ஒரு பிடி, அவ்வளவுதான். எண்ணெய் இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை. பிசைந்த மாவின் மேல் கையின் விளிம்பால் சிலுவைக் குறி போட்டுத் துணி மூடி வைப்பார்கள். பொங்கியதும் ஒருத்தி உருண்டை பிடித்து வரிசையாக அடுக்க, ஒருத்தி நீளக் குழவியால் தேய்த்துத் தள்ளுவாள். அடுத்தது பார்க்க வேண்டிய கட்டம். தேய்த்த மாவை எடுத்து இரண்டு முழங்கைகளுக்கும் நடுவே இப்படியும் அப்படியுமாக வீசுவார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் மாவு நீண்டு, கடைசியில் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்துவிடும். கிழிவதில்லை. அதை பதாத் என்ற திண்டின் மேல் விரித்து இழுத்து ஓரங்களை மடக்குவார்கள். பதாத் நீள்வட்டமாக, வைக்கோலோ கம்பளியோ அடைத்து, பின்பக்கம் கைப்பிடி வைத்துத் தைத்திருக்கும்.

பிறகு பாட்டி குனிவாள். இடுப்புவரை அடுப்புக்குள் போய்விட்டாளோ என்று நமக்கு நெஞ்சு அடைக்கும். 'தப்' என்று ஒரு சத்தம். மாவு சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், பாட்டி நிமிர்ந்திருப்பாள். அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். கொப்புளத்தின் தலை கருகத் தொடங்கும்போது வளைந்த முனை உள்ள இரும்புக் கம்பியால் நெம்பி எடுத்து அடுக்கின் மேல் போடுவாள். கம்பி வெளியே வரும்போதே அடுத்த மாவு பதாத்தில் தயார். பேச்சு ஒரு நொடி நிற்காது. யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்பதிலிருந்து எல்லாம் அங்கேதான் முடிவாகிறது என்று நினைக்கிறேன். மொழி தெரியாவிட்டாலும் எது வம்பு, எது வருத்தம் என்று குரலிலேயே விளங்கிவிடும்.

ஒன்று கவனியுங்கள். அடுப்பருகே போகும்போது துப்பட்டா, முந்தானை எதுவும் தொங்கக்கூடாது. அங்குள்ள பெண்கள் தலையில் துணி கட்டி, முழங்கை வரை கையுறை மாதிரி ஏதாவது போட்டிருப்பது அழகுக்காக அல்ல. 'நானும் ஒன்று ஒட்டிப் பார்க்கிறேன்' என்றால் சிரித்துக்கொண்டே விடுவார்கள். முதல் ரொட்டி தணலில் விழும், அதற்கும் சிரிப்பார்கள்.

இத்தனை மெல்லியதாக ஏன் சுட வேண்டும்? எரிபொருள் கணக்கு ஒரு காரணம். ஒரு தடவை மூட்டிய தணலில் நூற்றுக்கணக்கில் சுட்டுத் தள்ளிவிடலாம். இரண்டாவது காரணம் சேமிப்பு. சுட்ட லவாஷைக் காயவைத்து அடுக்கி, துணி மூடி வைத்தால் ஆறு மாதம்வரை கெடாது. இலையுதிர் காலத்தில் நாள் முழுக்கச் சுட்டு அடுக்கிவிட்டால் பனிக்காலத்து ரொட்டிக் கவலை பெருமளவு தீர்ந்தது. இன்று உன் வீட்டில், நாளை என் வீட்டில் என்று பெண்கள் முறைவைத்துப் போவார்கள். காய்ந்த லவாஷ் அப்பளமாக நொறுங்கும். சாப்பிடுவதற்குச் சற்று முன் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால், கொஞ்ச நேரத்தில் சுட்டெடுத்த நாளின் மென்மை திரும்பிவிடும். உங்கள் முன்னால் யாராவது இதைச் செய்தால் கண்ணெடுக்காமல் பாருங்கள். ரொட்டி சுடுவதைவிட இதுதான் எனக்கு வியப்பு.

அடுப்பின் சூடும் வீணாவதில்லை. ரொட்டி முடிந்த பிறகு, ஆறிக்கொண்டிருக்கும் தோனிருக்குள் பானையை இறக்கி வாயை மூடிவிட்டால் கோதுமையும் இறைச்சியும் விடிவதற்குள் குழைந்துவிடும். பழைய வீடுகளில் தோனிரின் மேல் தாழ்வான மேசையைப் போட்டு, அதன்மேல் ரஜாய் விரித்து, குடும்பமே சுற்றி உட்கார்ந்து காலை உள்ளே நீட்டிக்கொண்டு குளிர் காயும். கோயில் இல்லாத ஊரில் பாதிரியார் தோனிருக்கு முன்னால் வைத்தே கல்யாணம் செய்துவைத்திருக்கிறார் என்று வயதானவர்கள் சொல்வார்கள். வீட்டின் நடுவே, தரைக்கடியில், எப்போதும் கொஞ்சம் சூடாக இருக்கும் இடம் அது. மரியாதை தானாக வந்திருக்கும்.

கல்யாணம் என்றதும் ஞாபகம் வருகிறது. மணமக்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது மாப்பிள்ளையின் தாய் இருவர் தோளிலும் ஆளுக்கொரு லவாஷைப் போடுவாள். வளமும் குழந்தைச் செல்வமும் பெருகட்டும் என்று அர்த்தம். வாசலில் தட்டு வைத்து உடைக்கச் சொல்வதும் உண்டு. நகரத்து ஓட்டல் கல்யாணங்களிலும் இதை விடுவதில்லை.

லவாஷ் செய்முறையும் அதைச் சுற்றிய பண்பாடும் 2014இல் ஆர்மீனியாவின் பெயரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அண்டை நாடுகளில் புகைச்சல் கிளம்பியது. 2016இல் அஜர்பைஜான், ஈரான், கஜகஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி ஐந்தும் சேர்ந்து தங்கள் தட்டை ரொட்டி மரபைத் தனியாகப் பதிவு செய்தன. அதிலும் லவாஷ் உண்டு. யாருடையது என்ற வழக்குக்கு நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு 'இது துருக்கியிலும் இருக்கிறதே' என்று சொல்வதால் யாருக்கும் நன்மையில்லை. நீண்ட பிடி வைத்த செம்புப் பாத்திரத்தில் காய்ச்சித் தரும் கட்டிக் காப்பிக்கும் இதே எச்சரிக்கை. அங்கே அது ஆர்மீனியக் காப்பி. குடித்து முடித்ததும் குவளையைக் கவிழ்த்து வையுங்கள். வண்டல் வழிந்த கோலத்தைப் பார்த்து உங்கள் எதிர்காலத்தைச் சொல்ல வீட்டில் ஒருத்தியாவது இருப்பாள். எனக்குச் சொன்னது எதுவும் பலிக்கவில்லை, காப்பி நன்றாக இருந்தது.

பேக்கரியில் லவாஷ் மட்டும் இருக்காது. மத்னகாஷ் என்று ஒன்று, தடித்த, உப்பிய, நீள்வட்ட ரொட்டி, மேலே விரலால் கோடு இழுத்திருக்கும். அது பரவலானது சோவியத் காலத்தில், பெரிய பேக்கரிகள் வழியாக. பழமை தேடிப் போகிறவர்கள் அதை மதிப்பதில்லை. ஆனால் யெரெவான்காரர்களின் தினசரிச் சாப்பாட்டு மேசையில் அதற்குத்தான் முதலிடம், சூடாக இருக்கும்போது அதைக் கடைவாசலிலேயே பிய்த்துத் தின்னாதவர் இல்லை.

'கேட்டா' என்பது வேறு சங்கதி. வெண்ணெய் சேர்த்த மாவுக்குள் மாவு, சர்க்கரை, வெண்ணெய் மூன்றையும் உதிரியாகப் பிசிறி வைத்துச் சுடும் இனிப்பு ரொட்டி. ஊருக்கு ஊர் வடிவம் மாறும். கெகார்ட் மடாலய வாசலில் பெண்கள் வட்டத் தாம்பாளம் அளவுக்குச் சுட்டு, மேலே முள்கரண்டியால் கோலம் இழுத்து விற்பார்கள். பளபளப்புக்கு முட்டையின் மஞ்சள் கருவைப் பூசுவது வழக்கம். மாமியாரிடம் வாங்கும் முன்னரே சொல்லிவிடுங்கள், பாதி சாப்பிட்ட பிறகு சொன்னால் வம்பு.

இனி அவருக்கான சாப்பாடு. நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு வரை விருந்தும் கூத்துமாக இருப்பார்கள். மறுநாள் எல்லாம் அடங்கிவிடும். அப்போது கிராம வீடுகளில் ஒரு வெங்காயத்தில் ஏழு இறகுகளைச் செருகிக் கூரையிலிருந்து கட்டித் தொங்கவிடும் பழக்கம் இருந்தது. அக்லாதிஸ் என்று பெயர். வாரத்துக்கு ஓர் இறகைப் பிடுங்குவார்கள். இறகு தீர்ந்தால் நோன்பு தீர்ந்தது. குழந்தைகளை மிரட்டவும் பயன்பட்டது: நோன்பை மீறினால் அக்லாதிஸ் பார்த்துக்கொண்டிருக்கிறது! இப்போது அருங்காட்சியகங்களும் பள்ளிகளும் இதை மறுபடி செய்துகாட்டுகின்றன. நோன்பின் நட்ட நடுவில் வரும் புதன்கிழமை மிஜிங்க். அன்று புளிக்காத மாவில் தட்டை ரொட்டி சுட்டு உள்ளே ஒரு காசை ஒளித்துவைப்பார்கள். எவர் துண்டில் காசு வருகிறதோ அவருக்கு அந்த வருடம் அதிர்ஷ்டம். அதையொட்டியே ஒரு தட்டில் கோதுமையோ பருப்போ முளைக்கப் போடுவார்கள். நம் ஊர் முளைப்பாரி மாதிரி பச்சைப் பசேலென்று வளர்ந்ததும், ஈஸ்டரன்று வெங்காயச் சருகில் சிவப்பாகச் சாயமேற்றிய முட்டைகளை அதன்மேல் அடுக்குவார்கள்.

நோன்புச் சமையலின் ராணி பாசுத்ஸ் தோல்மா. முட்டைக்கோசு இலைக்குள் கொண்டைக்கடலை, பீன்ஸ், பருப்பு, கோதுமை ரவை என்று ஏழு வகை வரை கலந்து மடித்து வேகவைத்தது. இறைச்சி கிடையாது. புளிப்புக்கு உலர்ந்த பிளம் பழம். ஒரு நாள் வைத்து ஆறிப்போய்ச் சாப்பிட்டால்தான் அதன் ருசி. உணவகத்தில் வெறுமனே 'தோல்மா' என்று கேட்டால் கொத்துக்கறி வைத்த திராட்சை இலைதான் வரும். 'பாசுத்ஸ்' என்ற சொல்லை மாமியார் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். எந்தப் பண்டத்துக்கு முன்னால் போட்டாலும் நோன்புக்கானது என்று அர்த்தம், சமையற்காரருக்கு வேறு விளக்கமே தேவையில்லை.

அடுத்தது அவெலுக். மலையில் தானாக முளைக்கும் ஒரு காட்டுக்கீரை. பச்சையாகச் சமைத்தால் கசக்கும், காயவைத்தால் கசப்பு போய் ஒரு தனி மணம் வரும். பெண்கள் அதைப் பறித்து வந்து தலைமுடி பின்னுவதைப் போலவே நீண்ட சடையாகப் பின்னி நிழலில் தொங்கவிடுவார்கள். யெரெவான் சந்தையில் கடைக்குக் கடை இந்தச் சடைகள் தொங்கும். பின்னலின் இறுக்கத்தைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்து, பேரம் பேசி வாங்குவார்கள். ஊறவைத்து வேகவைத்து, வதக்கிய வெங்காயம், பூண்டு, அக்ரூட் சேர்த்தால் ஒரு நல்ல கறி, தண்ணீர் கூட்டினால் சூப். அதே சந்தையில் உலர்ந்த ஆப்ரிகாட் மாலைகளும், பிளம் கூழைத் தாளாகப் பரப்பிக் காயவைத்த புளிப்புச் சுருள்களும், திராட்சைப் பாகில் தோய்த்த அக்ரூட் கோவைகளும் கிடைக்கும். ஊறுகாய்ப் பக்கம் போனால் முட்டைக்கோசிலிருந்து பச்சைத் தக்காளி வரை உப்புநீரில் மிதக்கும். எல்லாமே பனிக்காலத்துக்கு எடுத்துவைத்த கோடைக்காலம். மாமியார் தயிர் சாப்பிடுபவர் என்றால் 'மட்சூன்' என்ற தயிரும், அதைக் கரைத்து உப்புப் போட்ட 'தான்' என்ற மோரும் அவருக்குப் பழகிய ருசியாகவே இருக்கும். ஸ்பாஸ் என்ற தயிர்க் கோதுமை சூப்பில் மட்டும் முட்டை அடித்து ஊற்றுவது வழக்கம், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவேளைச் சாப்பாட்டையாவது ஜிங்கியாலோவ் ஹட்ஸுக்கு ஒதுக்குங்கள். மெல்லியதாகத் தேய்த்த மாவுக்குள் பொடியாக நறுக்கிய கீரைகளைக் கைநிறைய அள்ளி வைத்து, தோணி வடிவத்தில் மூடித் தட்டி, இரும்புத் தகட்டில் சுட்டெடுப்பது. சுக்கான்கீரை, செந்தட்டி, கொத்தமல்லி, சோம்புக்கீரை வகை, பீட்ரூட் இலை, வெங்காயத்தாள் என்று பத்துப் பதினைந்து வகை கலப்பார்கள். சில வீட்டில் இருபதைத் தாண்டும். வசந்தம் தொடங்கும் மார்ச் கடைசியில்தான் மலைக்கீரை வரத் தொடங்கும், ஆகவே நல்ல நேரத்தில்தான் போகிறீர்கள். பாலும் முட்டையும் இல்லாத முழுச் சைவம்.

இது கராபாக் மலைப்பகுதிக்காரர்களின் பண்டம். அஜர்பைஜான் படை அந்தப் பகுதியைக் கைப்பற்றியதும், அங்கிருந்த ஆர்மீனியர்கள் 2023 செப்டம்பரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் ஊரைக் காலிசெய்துகொண்டு வந்தார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் பாதை அடைபட்டு, ரொட்டிக்கு இரவு முழுக்க வரிசையில் நின்றவர்கள் அவர்கள். வந்த இடத்தில் பிழைப்புக்காகப் பல பெண்கள் கையிலெடுத்தது இந்தக் கீரை ரொட்டியைத்தான். யெரெவானில் இதைச் சுடும் சிறு கடைகளில் சுவரில் அந்த ஊர்ப் படம் மாட்டியிருக்கும். எங்கிருந்து வந்தீர்கள் என்று சும்மா விசாரிக்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு வழக்கங்களைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதில் முதலாவது ரொட்டியின் மேல் அவர்களுக்குள்ள மரியாதை. அதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. கீழே விழுந்த ரொட்டியை எடுத்து முத்தமிட்டு, காலில் மிதிபடாத உயரத்தில் வைப்பது பழைய பழக்கம். ஆனால் இன்று ஐம்பது வயதைத் தாண்டிய எவரிடம் பேசினாலும் 1990களின் தொடக்கத்தைச் சொல்வார்கள். சோவியத் ஒன்றியம் சிதறி, போரும் எல்லையடைப்பும் சேர்ந்து, நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் மின்சாரம், ரேஷனில் எடைபோட்ட ரொட்டி என்று கழிந்த பனிக்காலங்கள் அவை. எனக்கு வாடகைக்கு வீடு கொடுத்த அம்மாள் காய்ந்த ஓரங்களைக்கூட ஒரு துணிப்பையில் போட்டுக் கதவின் பின்னால் மாட்டியிருப்பார், குப்பைக்கூடையில் சேர்க்கமாட்டார். ஆகவே தட்டில் வைத்ததை மீதம் வைக்காதீர்கள். வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் தப்பவிடப்போகும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெரிய நோன்புக்கு முன்னால், ஜனவரி நடுவுக்கும் பிப்ரவரிக்கும் இடையில் புனித சர்கிஸ் திருநாள் வரும். காதலர்களின் காவலர் அவர், வெள்ளைக் குதிரையில் வருபவர். முந்தின இரவு கல்யாணமாகாத பெண்களும் பையன்களும் உப்பு ரொட்டி ஒன்றைத் தின்றுவிட்டு, ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்காமல் படுக்க வேண்டும். கனவில் யார் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறார்களோ அவரே வாழ்க்கைத் துணை. அந்த ரொட்டியை ஒரு பாட்டி சுட்டுத் தருவாள், கடைகளிலும் உறைபோட்டு விற்பார்கள். ஒரு கடி கடித்துப் பார்த்தேன். மாவில் உப்பா, உப்பில் மாவா என்றே புரியாது. என் அலுவலகத்தில் இருந்த பெண்கள் நம்பிக்கையில்லை என்று சொல்லிக்கொண்டே ஆளுக்கொன்று பையில் எடுத்துப்போனார்கள். மறுநாள் காலையில் யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை! அதே இரவில் வறுத்த கோதுமை மாவை ஒரு தட்டில் பரப்பி வாசலில் வைப்பதும் உண்டு. விடிந்ததும் மாவில் குதிரைக் குளம்பின் தடம் இருந்தால் சர்கிஸ் வந்துபோயிருக்கிறார், அந்த வீட்டில் நல்லது நடக்கும்.

இறைச்சி விவகாரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களில் மற்றவர்கள் சாப்பிடுவீர்கள் என்பதால். ஹரிஸா என்பது கோதுமையும் இறைச்சியும் குழைந்த கஞ்சி, வளைகுடாவில் நீங்கள் பார்த்த ஹரீஸின் உறவு. 1915இல் ஒட்டோமான் துருக்கியப் படையை மூசா மலையில் எதிர்த்து நின்று, பிரெஞ்சுக் கப்பல்களால் காப்பாற்றப்பட்டவர்களின் வழிவந்தோர் ஒவ்வொரு செப்டம்பரிலும் கொப்பரை கொப்பரையாக அதை இரவு முழுக்கக் கிண்டி, பறை நாயன ஓசையோடு ஊருக்கே கொடுப்பார்கள். ஹாஷ் என்பது மாட்டுக்கால் சூப், குளிர்காலத்து விடியற்காலையில் ஆண்கள் கூடிப் பூண்டும் வோட்காவும் வைத்துக் குடிப்பது. காய்ந்த லவாஷை அதற்குள் நொறுக்கிப் போட்டால்தான் ஹாஷ். மதாக் ஒரு நேர்த்திக்கடன். குணமடைந்தோ விபத்திலிருந்து பிழைத்தோ வந்தவர்கள், பாதிரியார் ஓதிக்கொடுத்த உப்பை ஆட்டுக்கோ சேவலுக்கோ ஊட்டி அறுத்து, வெறும் உப்புநீரில் வேகவைத்து, லவாஷில் வைத்து அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவார்கள். மறுநாளைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. கெகார்ட் பக்கம் சேவலோடு யாரையாவது பார்த்தால் இதுதான் காரணம், மாமியாரை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

அடுப்படியில் உட்கார்ந்ததும் எந்த ஊர் என்று கேட்பார்கள். துபாய் என்று சொல்லி நிறுத்தாதீர்கள். சென்னை என்றாலும் பலருக்குப் புரியாது. 'மெட்ராஸ்' என்று சொல்லிப் பாருங்கள். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் அச்சானது மெட்ராஸில். நடத்தியவர் ஹருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். அவருடைய கல்லறை பாரிமுனை ஆர்மீனியன் தெருவில், 1772இல் கட்டிய அவர்கள் தேவாலய வளாகத்துக்குள் இருக்கிறது. பள்ளியில் படித்த பெயர் என்பதால் வீட்டில் படித்த ஆள் யாராவது துள்ளி எழுவார். அந்தத் தேவாலயத்தின் படம் உங்கள் போனில் இருந்தால் இன்னும் நல்லது. என் அனுபவத்தில் அதற்குப் பிறகு ரொட்டிக்குக் காசு வாங்க வைப்பது பெரும்பாடு.

ரொட்டிக்கு உண்டான காசைக் கொடுத்தே தீருங்கள். லவாஷை எடைபோட்டுத்தான் விற்பார்கள். ஊருக்கு எடுத்துப்போவதானால் சூடாக இருக்கும்போதே பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், மறுநாள் பூஞ்சை பிடித்துவிடும். விடுதி அறையில் தனித்தனியாக விரித்து முழுக்கக் காயவிட்டு, அட்டைப்பெட்டியில் துணி சுற்றி அடுக்குங்கள். விமானத்தில் கொஞ்சம் உடையும், பரவாயில்லை. உடைந்த துண்டுகளைத் தயிரில் போட்டுச் சாப்பிடலாம், முழுதாக வந்தவற்றுக்குத் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் போதும். உள்ளே வைக்க வெள்ளைச் சீஸும் கொத்தமல்லி, துளசி மாதிரியான பச்சிலைகளும் துபாயிலேயே கிடைக்கும்.